வழக்காடிய மாணவி அனிதா



இளவயதில் மறைந்த மாணவரை ஆசிரியர்கள் நினைவுகூரும்போது ‘பாவம்’, ‘தியாகி’ என்ற இரு சொற்கள் எளிதில் வந்துவிடுகின்றன. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவுக்கு இரண்டுமே பொருந்தா என்கிறோம்.

சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். தலித் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தாயை இழந்தவர். 2017இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்தார். இயற்பியல், கணிதம் இரண்டிலும் 200க்கு 200. மருத்துவக் கட்-ஆஃப் 196.75.

தமிழ்நாட்டில் 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அனிதா பள்ளியை முடித்த ஆண்டில்தான் நீட் இங்கே கட்டாயமானது. அதில் அவருக்குக் கிடைத்தது 720க்கு 86. மாணவி அவரேதான், அளவுகோல் மாறிவிட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரை வேறொரு பாடத்திட்டத்தைக் கொண்டு அளந்தார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் முந்திக்கொண்டார்கள்.

அனிதா முடங்கிவிடவில்லை. நீட்படியே சேர்க்கை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாக இணைத்துக்கொண்டார். அப்போது வயது 17. நீட்டுக்கு விலக்குக் கோரி சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் வரவில்லை. ஆகஸ்ட் 22 அன்று நீட் அடிப்படையில் சேர்க்கை நடத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. செப்டம்பர் 1 அன்று அனிதாவை இழந்தோம்.

அவர் எழுப்பிய கேள்வி நின்றுவிடவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. ஏ.கே. ராஜன் குழு அறிக்கைக்குப் பின் 2021இல் விலக்கு மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரி 8 அன்று மீண்டும் நிறைவேறியது.

கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அனிதாவை எப்படிச் சொல்லப்போகிறோம்? இறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டாம். நீதிமன்றம் ஏறிய நாளிலிருந்து தொடங்குவோம். சாவு எந்த வழக்கையும் வெல்வதில்லை. அவர் வாழ விரும்பினார், மருத்துவராக விரும்பினார். அவருடைய சாவைப் போற்றினால், மனமுடைந்த பிள்ளைக்குத் தவறான வழியைக் காட்டியவர்களாவோம்.

தேர்வு முடிவு வரும் நாளில் பின்தங்கிய பிள்ளையின் வீட்டுக்கு அன்றே போய் உட்காருவோம். அடுத்த வழி என்ன என்று கூட இருந்து தேடுவோம். ஆசிரியர்களாகிய நாம் அனிதாவுக்குச் செய்யக்கூடிய நினைவஞ்சலி அதுதான்.