கேரவன் இழுக்கப் பிக்அப் வாங்குகிறீர்களா? 3,500 கிலோ என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்கோ கிழக்குக் கரைக்கோ சொந்தக் கேரவனை இழுத்துச் செல்ல விரும்புவோர், பிக்அப் வாங்கும்போது முதலில் பார்ப்பது இழுவைத் திறனைத்தான். ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் ஆகியவற்றின் பல டீசல் வகைகளுக்கு ஆஸ்திரேலியாவில் 3,500 கிலோ என்று குறிப்பிடுகிறார்கள். அது பிரேக் பொருத்திய கேரவனுக்கு உரிய எண். பிரேக் இல்லாவிட்டால் அங்கே வரம்பு 750 கிலோதான். ஒரே மாடலுக்கு நாட்டுக்கு நாடு எண் மாறலாம் என்பதால், மலேசியாவில் விற்கப்படும் வண்டியின் கையேட்டையே பார்க்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய எண்கள் இன்னும் இரண்டு. ஒன்று, ஆட்களும் சாமானும் ஏறிய பிக்அப்பின் உச்ச எடை. மற்றொன்று, பிக்அப்பும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை. முதலாவது 3,100 கிலோ, இரண்டாவது 5,950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிக்அப் முழுச் சுமையுடன் இருந்தால் கேரவனுக்கு மிஞ்சுவது சுமார் 2,850 கிலோ. விளம்பரத்தில் கண்ட 3,500 எங்கே போனது?

கேரவன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழுவைக் கொக்கியில் இறங்கும். 2,000 கிலோ கேரவன் என்றால் 200 கிலோ. அதுவும் பிக்அப் சுமையில் சேரும். 1,000 கிலோ ஏற்றக்கூடிய வண்டியில் ஐந்து பேருக்கே 350 கிலோ போய்விடும். பின்கூண்டு, தண்ணீர், கேஸ் தோம்பு, அரிசி எல்லாம் அதற்கு மேல். கொக்கியின் பாரத்தைக் குறைக்கச் சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் தள்ளுவது இன்னும் ஆபத்து. நெடுஞ்சாலை வேகத்தில் கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் பிக்அப்பையும் சேர்த்துப் புரட்டிவிடக்கூடும்.

மலையில் ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. தாப்பா வழி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும். கேரவனில் மின் பிரேக் இருந்தால், அதற்கான கட்டுப்பாட்டுக் கருவியைப் பிக்அப்பில் பொருத்தியாக வேண்டும்.

தோட்டத்தில் ஓடிய பழைய பிக்அப்பா? செம்பனைக் குலை சுமந்த வண்டி என்றால், வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காமல் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் சேசிஸ் வளைந்தோ, வெல்டிங் செய்தோ இருந்தால் அது இழுவைக்கு ஆகாது.

கேரவனையும் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவையும் காப்புறுதியையும் உறுதிசெய்யும் முன் யாருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.