நுரையீரல் கட்டும் சுவரும் கோயம்பேட்டில் விழுந்த பூட்டும்

கொரோனா பரவியதால் 2020 மே 5ஆம் தேதி சென்னையின் கோயம்பேடு மார்க்கெட்டைப் பூட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்கு வந்து சேர்ந்தது. மழை பெய்தால் சேறாகும் அந்தத் திடலிலிருந்துதான் செப்டம்பர் இறுதிவரை சென்னைக்குத் தக்காளியும் வெங்காயமும் போயின. பூட்டியது சரியா தவறா என்று அன்று எழுந்த சத்தம் அடங்கிவிட்டது. நோயைச் சுற்றி வேலி போடும் அந்த யோசனை மட்டும் மிகப் பழையது. காசநோய்க் கிருமி உள்ளே நுழைந்தால் நம் நுரையீரல் செய்வதும் அதுதான்.

இந்த இரண்டு வேலிகளையும் ஒப்பிடப் பூந்தமல்லி வட்டாரம் நல்ல இடம். சுகாதார ஆய்வாளர்களுக்கும் மருத்துவ அலுவலர்களுக்கும் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் இங்கே இருக்கிறது. கொரோனாவின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த பயணிகளைத் தனிமைப்படுத்தி வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிய தொழுநோய் ஆய்வுப் பிரிவையும் சேர்த்து 1999இல் உருவானது அது.

முதலில் உடம்பு. மூச்சில் போன கிருமியை நுரையீரலில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல் விழுங்குகிறது. விழுங்கியதில் பெரும்பாலானவற்றைச் செரித்துவிடும் அந்தச் செல்லுக்குள் காசநோய்க் கிருமி சாகாமல் குடியிருந்து பெருகுகிறது. செய்தி பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் தயாராகித் திரும்பி வருவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. பிறகு மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் கிருமியைச் சூழ்ந்து அடுக்கடுக்காக ஒரு முடிச்சைக் கட்டுகின்றன. அதன் பெயர் கிரானுலோமா. கிருமி புகுந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆயுள் முழுக்க நோயாளி ஆகாமலே இருப்பதற்கு இந்தச் சுவர் ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சுவரை முழுக்க நம்பக் கூடாது என்று காட்டியவர்களில் லலிதா ராமகிருஷ்ணன் ஒருவர். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு கிருமியை, கண்ணாடிபோல் உடல் தெரியும் வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்குள் விட்டு, நடப்பதை நேரடியாகப் பார்த்தது அவருடைய குழு. 2009இல் வெளியான ஆய்வில், தொடக்கக் கட்டக் கிரானுலோமா கிருமிக்கே உதவுவது தெரிந்தது. காவலுக்கு வந்த புதிய மேக்ரோஃபேஜ்கள் அங்கேயே தொற்றுக்கு ஆளாயின. அவற்றில் சில வெளியேறி வேறிடங்களில் புதிய முடிச்சுகளுக்கு வித்திட்டன.

இப்போது கோயம்பேட்டைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 24 அன்று, 26ஆம் தேதி முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. 25ஆம் தேதி மார்க்கெட்டில் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த சில நாட்களில் லோடுமேன்களும் கடைப் பையன்களும் கிடைத்த லாரியில் ஏறிக் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் அரியலூருக்கும் போனார்கள். மார்க்கெட்டோடு தொடர்புடைய தொற்று சில வாரங்களில் ஆயிரத்தைத் தாண்டியது. மீன் குஞ்சுக்குள் கண்டதும் இதுதான்: ஓரிடத்தில் திரள்வது, அங்கேயே தொற்றுவது, பிறகு சிதறுவது. பூட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. பூட்டுக்கு முன்னால் போக வேண்டிய தகவல் பின்னால் போனது என்பதே என் குறை.

உடம்பிலும் சுவரின் பலம் தகவலில்தான் இருக்கிறது. மேக்ரோஃபேஜ் ஒரு வேதிப்பொருளை அனுப்பி டி செல்லை உசுப்புகிறது. டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற தூதுப்பொருளை அனுப்பி, விழுங்கியதைக் கொல்லும்படி மேக்ரோஃபேஜைத் தூண்டுகிறது. இந்தப் போக்குவரத்தில் பிறவியிலேயே கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள பலவீனமாக்கப்பட்ட கிருமிகூட நோயாகிவிடும். டி.என்.எஃப். என்ற இன்னொரு தூதுப்பொருளை முடக்கும் ஊசி முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு, உள்ளே அடங்கியிருந்த காசநோய் கிளம்பியதை 2001இல் மருத்துவர்கள் கவனித்தார்கள். செல்கள் இருந்தன, கிருமியும் இருந்தது, நடுவே பேச்சு நின்றுபோயிற்று. அதனால்தான் இன்று அந்த ஊசிக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு தகவல் பாதை முன்பே வாய்த்திருந்தது. நாட்டின் முதல் பொது சுகாதாரச் சட்டம் 1939இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சிகிச்சை பார்க்கும் துறையிலிருந்து பிரிந்து, நோய்த் தடுப்புக்கென்றே இயக்குநரகமும் அலுவலர் வரிசையும் இங்கே உண்டு. பல மாநிலங்களில் அப்படி இல்லை. கோயம்பேட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களை மாவட்டங்களில் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க முடிந்தது என்றால், கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் அந்தத் தெருக்களை ஏற்கெனவே அறிந்திருந்ததால்தான். சுவர் கசிந்தது. தகவல் தாமதமாகவேனும் ஓடியது.

ஒப்புமை முறியும் இடம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுகிறவர்கள் அதிகம். கிரானுலோமாவின் நடுவில் இருக்கும் செல்கள் செத்து, பாலாடைக்கட்டி போன்ற கூழாகின்றன. உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. சில வேளை அந்தக் கூழ் இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைகிறது. நோயாளி இருமும்போது கிருமி அடுத்தவருக்குப் போகிறது. செத்துப்போகும் செல்லுக்கு வாடகை பாக்கி கிடையாது, ஊரில் பிள்ளைகள் கிடையாது. தினக்கூலிக்காரனைப் பூட்டுக்குள் வைக்கிறவர்கள் அவன் சோற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் லாரி ஏறத்தான் செய்வான். நோய்த் தடுப்புக்கு உடம்பை உவமை காட்டி, "சிலரைத் தியாகம் செய்யத்தான் வேண்டும்" என்று பேசுவது அறிவியலாகாது.

சுவரே வேண்டாம் என்று காட்டியதும் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்தால்தான் காசநோய் தீரும் என்று உலகம் நம்பிய காலம் அது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரேபோலக் குணமாகியிருந்தன. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. ஊழியர்கள் சொல்லாமல் வந்து மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சுவரின் வேலையை அந்த வருகைகளும் மருந்தும் செய்தன. உடம்பால் முடியாத ஒன்றைப் பொது சுகாதாரம் இங்கே செய்து காட்டியது.

தடுப்பூசி தர வேண்டிய நினைவாற்றலில் மட்டும் உடம்பும் பொது சுகாதாரமும் தோற்ற கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. திருவள்ளூர்ப் பக்கக் கிராமங்களில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், 1968இல் தொடங்கிய ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கேற்றார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் அந்த ஊசி. பெரியவர்களுக்குக் கண்டுபிடிப்பதும் மருந்தைச் சேர்ப்பதுமே பாதுகாப்பு.

அந்த வேலையை இப்போது கூர்மையாக்கியிருப்பது 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். அயப்பாக்கம் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து நடத்துவது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு விடும் வேகம், ரத்த ஆக்சிஜன், கால் வீக்கம், பிறர் தாங்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்க்கிறார்கள்; மற்றவர்கள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம். எல்லோரையும் அடைக்காமல் தேவையானவரை மட்டும் பிரித்தெடுக்கும் இந்த முறை எனக்குக் கிரானுலோமாவை விடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. சிகிச்சை முடியும்வரை சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.