கூடைப்பந்தாட்ட நடுவர் குழு

கூடைப்பந்தாட்ட நடுவர் குழு என்பது கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்றை விதிகளின்படி நடத்திவைக்கும் அலுவலர்களின் அணியாகும். பன்னாட்டுக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் (ஃபிபா) விதிகளின்படி இக்குழுவில் ஒரு தலைமை நடுவரும், ஒருவர் அல்லது இருவர் துணை நடுவர்களும் ஆடுகளத்தில் இருப்பர். ஆட்டக் குறிப்பாளர், துணைக் குறிப்பாளர், நேரக் கணிப்பாளர், 24 வினாடிக் கடிகாரத்தை இயக்குபவர் ஆகிய நால்வரும் மேசை அலுவலர்கள் எனப்படுவர்.

வரலாறு

1891 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் இசுபிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவர் எழுதிய 13 விதிகளிலேயே இரண்டு நடுவர்கள் இருந்தனர். ஒருவர் ஆட்டக்காரர்களைக் கவனித்துத் தவறுகளைக் குறித்தார். மற்றவர் பந்தைக் கவனித்ததுடன், நேரத்தையும் கோல்களின் கணக்கையும் தாமே பார்த்துக்கொண்டார். அவ்வொருவரின் பணியே பின்னர் மேசை அலுவலர்களிடையே பகிரப்பட்டது. அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் மூன்று நடுவர் முறை 1978-79 பருவத்தில் சோதனையாகக் கொண்டுவரப்பட்டு, அடுத்த பருவத்தில் கைவிடப்பட்டது. 1988-89 பருவத்தில் அது நிலையாக நடைமுறைக்கு வந்தது.

மூன்று நடுவர் முறை

ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. அதில் பத்து ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் இயங்குவதால் ஒருவரால் அனைத்தையும் காண இயலாது. எனவே மூவரும் மூன்று இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர்.

லீட்: கூடைக்குப் பின்னுள்ள கடைக்கோட்டில் நின்று, கூடைக்கு அருகில் நிகழும் மோதல்களைக் கவனிப்பவர்.
டிரெயில்: லீட் நிற்கும் அதே பக்கத்தில், நடுக்கோட்டை ஒட்டி ஆட்டத்திற்குப் பின்னால் நிற்பவர்.
சென்டர்: எதிர்ப்பக்கத்தில் ஏறத்தாழ ஃப்ரீ த்ரோ கோட்டின் நேராக நிற்பவர்.

பந்து சென்டர் நிற்கும் பக்கத்திற்கு மாறித் தங்கினால், லீட் கடைக்கோட்டின் வழியே அப்பக்கம் செல்கிறார். அப்போது சென்டர் டிரெயிலாகவும், டிரெயில் சென்டராகவும் மாறுகின்றனர். இதுவே சுழற்சி எனப்படுகிறது. பந்து எவருடைய பகுதியில் உள்ளதோ அவர் பந்தையும் அதைச் சுற்றியுள்ளோரையும் பார்க்க, மற்ற இருவரும் பந்தில்லாத ஆட்டக்காரர்களைக் கண்காணிக்கின்றனர்.

பயிற்சி

புதிய நடுவர் முதலில் பழக வேண்டியது பந்தைப் பார்க்காமல் இருப்பதாகும். பார்வையாளரைப் போல அவருடைய கண்களும் பந்தின் பின்னாலேயே ஓடும். மூவரும் பந்தையே பார்த்தால், பந்தில்லாத இடத்தில் நடக்கும் தள்ளல்களையும் பிடித்தல்களையும் காண்பதற்கு எவரும் இருக்கமாட்டார்.

அடுத்தது இரட்டை விசில் ஆகும். ஒரே மோதலுக்கு இருவர் ஊதும்போது, ஒருவர் தாக்குபவரின் தவறு என்றும், மற்றவர் தடுப்பவரின் தவறு என்றும் சைகை காட்டிவிட்டால் குழப்பம் உண்டாகும். ஆகவே தவறைக் குறிக்க மூடிய கையை உயர்த்தியவுடன் மேற்கொண்டு சைகை செய்யாமல், சக நடுவரின் கண்களைப் பார்க்க வேண்டும். பொதுவாக, மோதல் எவருடைய பகுதியில் நிகழ்ந்ததோ அவரே தொடர்ந்து அறிவிப்பார். பின்னர் அவர் தவறு செய்தவரின் எண், தவறின் வகை, அடுத்து நிகழவேண்டியது ஆகியவற்றை அவ்வரிசையில் மேசைக்குக் காட்டுகிறார்.

ஒரு நடுவர் தம் கடமைக்குட்பட்டு எடுத்த முடிவை மற்றொரு நடுவர் புறக்கணிக்கவோ கேள்விக்குட்படுத்தவோ விதி இடமளிப்பதில்லை. அனுபவம் குறைந்தவரின் விசிலுக்கும் தலைமை நடுவரின் விசிலுக்கும் மதிப்பு ஒன்றே. விதிகளில் கூறப்படாத நிலைமைகளில் தலைமை நடுவர் தாமே தீர்மானிக்கிறார்.

1972 ஒலிம்பிக் இறுதிப்போட்டி

குழுவின் ஒருங்கிணைப்பு குலைந்தால் நிகழக்கூடியதற்கு மியூனிக் ஒலிம்பிக்கின் இறுதிப்போட்டி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. மூன்று வினாடிகள் மீதமிருக்கையில் ஐக்கிய அமெரிக்கா 50-49 என முன்னிலை பெற்றது. சோவியத் அணி கோரிய இடைவேளை நடுவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்ற முறையீட்டால் ஆட்டம் ஒரு வினாடி இருக்கையில் நின்றது. ஃபிபா பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டு மூன்று வினாடிகளையும் மீண்டும் அளிக்கச் செய்தார். கடிகாரம் சரியாக அமைக்கப்படும் முன்பே பந்து உள்ளே எறியப்பட்டதால் அவ்வினாடிகள் மூன்றாம் முறையும் ஆடப்பட்டன. அதில் அலெக்சாண்டர் பெலோவ் போட்ட கோலால் சோவியத் ஒன்றியம் 51-50 என வென்றது. நடுவர்களுள் ஒருவரான பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டக் குறிப்பில் கையொப்பமிட மறுத்தார். அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கங்களைப் பெறவில்லை. சர்ச்சை எழுந்தது களத்தில் நிகழ்ந்த மோதல் எதனாலுமன்று. மேசைக்கும் களத்திற்கும் இடையே தகவல் தவறியதனாலாகும்.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1920இல் எச். சி. பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியற் கல்லூரி, இவ்விளையாட்டை அறிந்த உடற்கல்வி ஆசிரியர்கள் பலரை உருவாக்கியது. பள்ளிகளுக்கான குறுவட்ட, மாவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்களே நடுவர்களாகப் பணியாற்றுகின்றனர். பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டி போன்ற சிற்றூர்களின் மாணவர்கள் நடுவர் பணியை அருகிலிருந்து காணும் வாய்ப்பும் இத்தகைய போட்டிகளே. தேனிக்கு அண்மையிலுள்ள பெரியகுளத்திலும், கோயம்புத்தூரிலும் அகில இந்திய அளவிலான கூடைப்பந்தாட்டப் போட்டிகள் நடத்தப்பட்டு வருகின்றன. ஆட்டக் குறிப்பு எழுதுதல், கடிகாரம் இயக்குதல் ஆகிய மேசைப் பணிகளில் தொடங்கி, இருவர் குழுவிலும் பின்னர் மூவர் குழுவிலும் பழகுவது புதியவர்களுக்கு ஏற்ற வரிசையாகும்.

இவற்றையும் பார்க்க

கூடைப்பந்தாட்டம்
ஜேம்ஸ் நெய்ஸ்மித்
பன்னாட்டுக் கூடைப்பந்தாட்டக் கூட்டமைப்பு