பெருங்களத்தூர் ரோவர்

ஸ்டாண்டர்டு 2000 என்ற பேரை எடுத்தாலே பழைய கார் பைத்தியங்கள் சிரிப்பார்கள். டிராக்டர் எஞ்சின் வைத்த சொகுசுக் கார் என்பார்கள். அந்த வண்டி சந்தையில் எடுபடாமல் போனதற்கு எஞ்சின் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவனின் கையிருப்பைக் கரைத்தது எஞ்சின் இல்லை. லேத்துப் பட்டறைக்காரன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்தது அதைச் செய்த தொழிற்சாலை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கே செய்ததுதான். அதன் வாரிசான கேசலும் 1977-ல் நின்றபின் ஸ்டாண்டர்டு பேரில் புதுக் கார் கிடையாது. பிறகு 1985-ல் ஒரே தாவாகத் தாவினார்கள். இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்று ஓடிய கார், 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது, மெட்ராஸில் செய்யப்பட்டது. செடான் என்றுதான் எல்லோரும் சொன்னோம். பின்கதவு கண்ணாடியோடு மேலே தூக்கும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உடம்பு ரோவர், இதயம் வேறு. அங்கே முதலில் வந்த மாடலில் மூன்றரை லிட்டர் வி8, 155 குதிரைசக்தி. இங்கே 1,991 சிசி, நாலு சிலிண்டர், 83 குதிரைசக்தி, நாலே கியர். 1940-களின் பின்பாதியில் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கு வந்த எஞ்சினின் வழித்தோன்றல் அது. அதே குடும்பத்து எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதது. கேலி அங்கிருந்து வந்ததுதான். 1953-ல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பம், அதே 1,991 சிசி என்பதை மட்டும் கேலிக்காரர்கள் சொல்ல மாட்டார்கள்.

அது வெட் லைனர் எஞ்சின். சிலிண்டர் என்பது பிளாக்கில் குடைந்த ஓட்டை இல்லை; தனி வார்ப்பிரும்புக் குழாய். அதைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு போரிங் போடப் போக வேண்டாம். பழைய லைனரை உருவிவிட்டு, பிஸ்டனோடு புது லைனர் இறக்கினால் முடிந்தது. இப்படிப்பட்ட எஞ்சினால் என்னைப் போன்றவர்களுக்குப் போரிங் கூலி போச்சு. அதையும் மீறித்தான் புகழ்கிறேன்.

கெடுவதற்கும் அதே லைனர்தான் வழி. அடியில் இரண்டு லைனருக்கு ஒன்றாக, எட்டு வடிவத்தில் கேஸ்கட் இருக்கும். அது விட்டால் தண்ணீர் சம்பில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். லைனரின் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேலே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கட் பிடிக்காது. விவரம் தெரியாத பையன் ஹெட்டைக் கழற்றிவிட்டு, லைனரை வாஷர் போட்டு அமுக்கி வைக்காமல் கிராங்கைச் சுற்றினால் பிஸ்டனோடு லைனரும் எழும்பும். அடியில் இருக்கும் கேஸ்கட் அதோடு சரி. ஹெட் வேலைக்கு வந்த வண்டி முழு எஞ்சின் வேலையாக மாறுவது இப்படித்தான். செலவை ஏற்றுவது பழுதைவிடப் பையனின் கைதான்.

இவ்வளவும் செய்து முடிக்கக்கூடிய வேலை. டிஆர் கார்களை உலகமெங்கும் ஆசையாய் வைத்திருப்பதால் லைனர், பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் வெளிநாட்டில் இன்றும் செய்கிறார்கள். ஊர் சிரித்த எஞ்சினுக்குச் சாமான் வாங்க வழி உண்டு.

மாட்டிக்கொள்வது மற்றதில். கூவம் ஓரத்துப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தை எண்ணிக்கையில் பிழைக்கும் இடம். அம்பாசடரும் பத்மினியும் உடைக்க வந்துகொண்டே இருந்ததால் அங்கே கதவும் கியர்பாக்ஸும் மலிவு. இது மூன்றே வருஷம் ஓடிய காரின் கதை; 1988-ல் தொழிற்சாலையே மூடியது. விற்றதே சொற்பம். அதிலும் உடைக்க எத்தனை வரும்? காயலான் கடைக்காரர் ஒரு டெயில் லாம்பை வைத்துக்கொண்டு, தேடி வருகிறவரின் முகத்தைப் பார்த்து விலை சொல்வார். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் அதை விற்க எத்தனை வருஷம் காத்திருப்போ. புஷ்ஷா, பின்னா, வாட்டர் பம்ப் ஷாஃப்டா, கொண்டுவந்தால் கடைந்து தருவோம். முன்கண்ணாடியையும் டெயில் லாம்பையும் எந்த லேத்தில் கடைவது?

பெருங்களத்தூரில் மிச்சம் கிடந்த புத்தம்புது ரோவர் சாமான்களை ஓர் இங்கிலாந்து உதிரிபாக வியாபாரி மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். அங்கே 1986-லேயே எஸ்டி1 நின்றுபோயிருந்தது. வைத்திருந்தவர்கள் சாமான் கிடைக்காமல் தவித்தார்கள். இந்தியாவுக்கென்றே மாற்றிய எஞ்சினும் கியர்பாக்ஸும் அவர்களுக்கு எதற்கு? வேண்டியது தகரமும் விளக்கும்தான். சென்னையில் இன்று யாராவது அந்த வண்டியை நிமிர்த்த நினைத்தால், பெருங்களத்தூரிலிருந்து கப்பலேறிய அந்தச் சாமானுக்கே பவுண்டில் பணம் கட்டி, கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்த்து வரவழைக்க வேண்டியிருக்கும்.