கூலியும் வழியும்

தூரத்தில் கிடைக்கும் அதிகச் சம்பளமா, வீட்டருகே கிடைக்கும் குறைந்த சம்பளமா என்னும் கேள்வி ஜோகூர் பாருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் தொழிலாளரைச் சிலர் பேராசைக்காரர் என்கின்றனர். உள்ளூரிலேயே சொற்பச் சம்பளத்திற்கு உழைப்பவரை வேறு சிலர் முயற்சியில்லாதவர் என்கின்றனர். இவ்விரண்டும் அவசரத் தீர்ப்புகளே என்பது நமது அபிப்பிராயம். இக்கேள்வி எவ்வாறு பிறந்தது என்னும் சரித்திரத்தை அறியாமல் விடை கூற முற்படுவது, நோயின் காரணத்தை ஆராயாமல் மருந்து கொடுப்பதையே ஒக்கும்.

நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த காலத்தில் வீட்டிற்கும் வேலைக்கும் இடையே தூரம் என்பதே கிடையாது. ரப்பர்த் தோட்டத்தின் நடுவே லயம். லயத்திற்குச் சமீபத்தில் பிரட்டுக் களம். அதற்கப்பால் பால்மரக் காடு. விடியுமுன் பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தவன் சற்று நேரத்தில் தன் மரங்களிடம் சேர்ந்துவிடுவான். இதைவிடச் சௌகரியம் வேறு ஏது என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சௌகரியத்திற்கு அவன் கொடுத்த விலை என்ன? வேலை கொடுத்தவனே வீடும் கொடுத்தான். ஆகவே வேலை போனால் வீடும் போயிற்று. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது அதற்குப் பின்னும் நடந்தது. உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளரின் குடியேற்றத்தை இந்திய சர்க்கார் 1938-ல் தடுத்தது. சட்டங்கள் இவ்வாறு மாறியும் லயம் மட்டும் தோட்டத்தின் உடைமையாகவே நின்றது. கூலி போதாதென்று வாய் திறக்க நினைத்தவன், அன்றிரவு மனைவி மக்களை எங்கே படுக்க வைப்பது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது. கள்ளுக்கடைகூடத் தோட்டத்திற்குள்ளேயே இருந்தது. தோட்டத்தில் பிறந்த கூலியில் ஒரு பங்கு தோட்டத்திலேயே கரைந்தது.

பட்டணத்து வேலையிலும் இதே முறை வேறு உருவில் இருந்தது. 1938-ஆம் ஆண்டு பெப்ரவரி 14-ந் தேதி திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தை எடுத்துக் கொள்வோம். தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக அங்கே உழைத்தனர். அவர்களிற் பலர் தளத்தைச் சார்ந்த குடியிருப்புகளிலேயே வாழ்ந்தனர். 1971-ஆம் ஆண்டு முடிவுக்குள் தன் படைகளைத் திருப்பி அழைத்துக் கொள்வதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் 1968 ஜனவரியில் அறிவித்தது. அன்று அக்குடும்பங்களுக்கு வேலை என்னவாகும் என்னும் கவலையோடு வீடு என்னவாகும் என்னும் கவலையும் ஒருங்கே வந்தது. ஆகவே வேலைக்கு அருகில் வாழ்வது எப்பொழுதும் சுகம் என்று எண்ணிவிடலாகாது. அந்த வீடு யாருடையது என்பதே முதற்கேள்வியாகும்.

இனி, பாலத்தின் கதைக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து கிராஞ்சி வரை ரயில் பாதை 1903-ல் போடப்பட்டது. ஜோகூர் ராஜ்யத்து ரயில் பாதை 1909-ல் முடிந்தது. நடுவில் கிடந்த நீரிணையைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. 1919-ல் தொடங்கிய பால வேலை முற்றுப்பெறும் தறுவாயில், 1923-ல் ரயில்கள் அதன்மீது ஓடலாயின. 1924 ஜூன் 28-ல் திறப்பு விழா நடந்தது. யுத்தத்தில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை 1942 ஜனவரி 31-ல் அதை உடைத்தது. ஜப்பானியர் அதைச் செப்பனிட்டுக் கொண்டனர். அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நிதானமாக நடந்தாலும் கால்மணி நேர வழிதான்.

அந்நாளில் இரு கரையிலும் நாணயம் ஒன்றே. ஆதலால், பாலத்தைக் கடந்தமையால் மட்டும் ஒருவனுடைய ஒரு வெள்ளி இரண்டாகிவிடவில்லை. 1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. 1967-ல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. எல்லையில் குடிநுழைவுச் சோதனையும் அவ்வாண்டிலேயே ஏற்பட்டது. ஆயினும் இரு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமாகவே செல்லுபடியாகி வந்தன. அந்தச் சமநிலை 1973 மே மாதத்தில் முடிவுற்றது. அதற்குப் பின் இரண்டும் பிரிந்தன. 2024-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு 3 ரிங்கிட்டுக்கு மேல் சென்றுவிட்டது. நீரிணையின் அகலம் மாறவில்லை. தொழிலாளியின் குணமும் மாறவில்லை. மாறியது நாணயத்தின் மதிப்பே. இதை உணர்ந்தவர் பாலத்தில் நிற்கும் மனிதனைப் பேராசைக்காரன் என்று கூறத் துணியார்.

ஆயின் எல்லாரும் பாலத்தைக் கடந்துவிட வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளூரில் ஒருவருக்கு மாதம் 2,800 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக் கொள்வோம். ஊழியர் சேமநிதியில் முதலாளி செலுத்தும் 13 சதவிகிதத்தைச் சேர்த்தால் 3,164 ஆகும். போக்குவரவுச் செலவு 150 போனால் மிச்சம் 3,014. இவர் தினம் 1 மணி நேரம் வழியில் செலவிடுகிறார். மற்றொருவர் சிங்கப்பூரில் 1,200 வெள்ளி பெறுகிறார். வெள்ளிக்கு 3 ரிங்கிட் 30 காசு வீதம் அது 3,960 ரிங்கிட். போக்குவரவுக்கு 500 போனால் மிச்சம் 3,460. நிரந்தரவாசத் தகுதி இல்லாதவராகையால் அந்நாட்டு மத்திய சேமநிதியில் இவருக்கு ஒன்றும் சேராது. இவர் வழியில் கழிப்பது தினம் 4 மணி. மாதம் 26 நாள் வேலையானால், இவர் வழியில் அதிகமாகக் கொடுப்பது 78 மணி; அதற்காக அதிகமாகப் பெறுவது 446 ரிங்கிட். மணிக்கு 6 ரிங்கிட்கூட ஆகவில்லை! மலேசிய சர்க்கார் 2025-ல் விதித்த குறைந்தபட்சச் சம்பளமே மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. எந்த முதலாளியும் கொடுக்கத் துணியாத கூலிக்கு இம்மனிதர் தம் உறக்கத்தை விற்கிறார்.

அதே மனிதருக்கு அங்கே 2,000 வெள்ளி கிடைத்தால் கணக்கு முற்றிலும் வேறாகும். அதிகப்படி 78 மணிக்கு அவர் பெறுவது 3,086 ரிங்கிட். மணிக்கு ஏறக்குறைய 40 ரிங்கிட். அவரைப் போகாதே என்று தடுப்பது நியாயமாகாது. ஆகவே சம்பளங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. அதிகப்படிச் சம்பளத்தை அதிகப்படி நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அந்த விடையைக் கையில் வைத்துக் கொண்டு, இந்தக் கூலிக்கு என் இரவை விற்பேனா என்று தன்னையே கேட்டுக் கொள்வதுதான் பகுத்தறிவுக்கு ஒத்த வழி.

எனினும் கணக்கில் ஏறாத செலவுகளும் உண்டு. மாதம் 78 மணி என்பது வருஷத்திற்கு 936 மணி; அதாவது இரவும் பகலுமாக 39 நாள். அந்த 39 நாளும் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்பவர் யார்? நோயுற்ற பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவர் யார்? வீட்டிலுள்ள பெண்ணே. அவளும் வேலைக்குச் செல்பவளாயின் அவளுடைய சுமை இரட்டிப்பாகிறது. புருஷன் பாலத்தின்மீது செலவிடும் நேரத்தை மனைவி அடுப்படியில் ஈடு செய்கிறாள். அவளுக்குச் சம்பளச் சீட்டு எழுதுவார் இல்லை. ஆகையால் இம்முடிவைப் புருஷன் தனித்துச் செய்வது முறையன்று. இருவரும் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய முடிவு இது.

எல்லை என்பது சர்க்கார்களின் கையிலுள்ள கதவு என்பதையும் மறக்கலாகாது. தொற்று நோயின் நிமித்தம் 2020 மார்ச் 18-ல் அக்கதவு மூடப்பட்டபோது, தினம் போய் வந்தவர்கள் வேலையா வீடா என்று ஓரிரு நாளில் முடிவு செய்ய நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, குறைந்தது 90 நாள் அங்கே தங்கிய பின்னரே வீட்டிற்கு வர இயன்றது. தரைவழிப் போக்குவரவு முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ல்தான். இரண்டு வருஷ காலத்தில் குழந்தை தகப்பன் முகத்தைத் தொலைபேசிக் கண்ணாடியில் மட்டும் கண்ட வீடுகள் எத்தனை!

அப்படியானால் நாம் கூறுவது என்ன? வித்தியாசம் சொற்பமாயின் வீட்டருகே இருப்பதே மேல். வித்தியாசம் பெரிதாயின் போகலாம். ஆனால் ஒரு நோக்கமும் ஒரு தவணையும் வைத்துக் கொண்டு போக வேண்டும். சொந்த வீட்டின் கடன் தீரும் வரை, அல்லது மூத்த பிள்ளையின் படிப்பு முடியும் வரை என்று எல்லை வகுத்துக் கொள்ளட்டும். அங்கே சேராத சேமநிதியை இங்கே சுயமாகச் செலுத்தி வரட்டும். இல்லையேல் நாணய மதிப்பு கொடுத்த லாபத்தை முதுமை பறித்துக் கொள்ளும்.

தொழிலாளிக்கு மட்டும் புத்தி கூறி நிறுத்திக் கொள்வதும் நியாயமன்று. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைத்து, நீரிணையை 5 நிமிஷத்தில் கடக்கும் ரயில் பாதைக்கு இரு சர்க்கார்களும் 2020-ல் உடன்படிக்கை செய்தன. வழியைக் குறுக்குவது நல்ல காரியமே. ஆயினும் ஜோகூரிலுள்ள முதலாளிகள் திறமைக்கேற்ற கூலி கொடுக்க முன்வராத வரையில், ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது நம் தொழிலாளரை அக்கரைக்கே கொண்டு போகும்.

லயத்திலிருந்த நம் பாட்டனுக்கு வீடும் வேலையும் அருகருகே இருந்தன. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. அவ்வுரிமை இன்று நமக்கு இருக்கிறது. அதைப் பிறர் ஏளனத்திற்கு அஞ்சியோ, அண்டை வீட்டாரைப் பார்த்தோ செலவழித்துவிடாமல், கணக்கறிந்து, குடும்பத்தாரைக் கலந்து பிரயோகிப்பதே அறிவுடைமை.