இடிபட்ட பழைய காரை வீட்டிலேயே நிமிர்த்தலாமா? சுத்தியலுக்கு முன்னாடி டேப்பை எடுங்க!

அப்பா வாங்கிய பழைய மாருதி 800. ஒரு திருப்பத்தில் சறுக்கி, முன்பக்க இடது மூலை சுவரில் மோதிவிட்டது. பானட் கூடாரம் மாதிரி நிற்கிறது, இடது ஃபெண்டர் டயரைத் தொடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், காரின் விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம் என்கிறார்கள். பழைய இரும்புக்குப் போடவும் மனசு வரவில்லை. ‘ஒரு ஜாக்கி, ஒரு சங்கிலி, ஒரு மரம் இருந்தா நாமளே இழுத்துடலாமே’ என்று தோன்றுகிறதா?

தோன்றுவதில் தப்பில்லை. இப்படி நிமிர்த்தப்பட்ட எத்தனையோ பழைய கார்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால், பார்க்க நேராக இருப்பதும் நிஜமாகவே நேராக இருப்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் 60 கி.மீ. வேகத்தில் பிரேக் போடும்போதுதான் தெரியும். அதை வீட்டு வாசலிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? வாங்க, பார்த்துடலாம்.

முதல் வேலை போட்டோ எடுப்பது

ஓன் டேமேஜ் இன்ஷூரன்ஸ் இருந்தால் காரில் கையை வைக்காதீங்க. கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகுதான் எதையும் கழற்ற வேண்டும். ரிப்பேர் செலவு காரின் ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், வழக்கமாக ‘டோட்டல் லாஸ்’ கணக்கில் வந்துவிடும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் உங்கள் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. எப்படியானாலும் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வைங்க. எந்தத் திசையில் அடி விழுந்தது என்பதுதான் பின்னாடி உங்களுக்கு வழிகாட்டி.

தோல் வேறு, எலும்பு வேறு

லாரிக்கு இருப்பதுபோல மாருதி 800-க்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, பில்லர், கூரை, இன்ஜின் இருக்கும் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. இதை மோனோகாக் என்பார்கள். பானட், ஃபெண்டர், கதவின் வெளித்தகடு எல்லாம் அதன் மேல் இருக்கும் தோல். ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் ஏப்ரான், இன்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கி வரும் பெட்டி வடிவக் கட்டைகள், பில்லர்கள்... இவைதான் எலும்பு.

இதில் கவனிக்க வேண்டிய இடம், முன்சக்கரத்தின் ஷாக் அப்ஸார்பர். அதன் மேல்முனை நேராக ஏப்ரானில்தான் போல்ட் போடப்பட்டிருக்கும். அதனால், ஏப்ரான் உள்ளே நகர்ந்தால் சக்கரமும் சாயும். ஃபெண்டரை மட்டும் அழகாகத் தட்டி எடுத்தாலும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுதான் போகும். தோலை வீட்டில் சரிசெய்யலாம். எலும்பில் கை வைக்கலாமா என்பதை டேப்தான் சொல்லும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும்

சமதளத் தரையில், நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்ட் வைத்து காரை நிறுத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. செங்கல், ஹாலோ பிளாக்கும் வேண்டாம், பாரத்தில் திடீரென நொறுங்கிவிடும்.

இன்ஜின் பெட்டியில் இடது ஷாக் போல்ட்டிலிருந்து, முன்னால் வலது ஓரத்தில் அடிபடாத போல்ட் ஓட்டை வரை குறுக்காக அளங்க. அப்புறம் வலதிலிருந்து இடதுக்கு. இரண்டும் சமமாக இருந்தால் மூக்கு பக்கவாட்டில் வளையவில்லை. அளவு வித்தியாசப்பட்டால் பெட்டி கோணலாகிவிட்டது என்று அர்த்தம். பாடி ஷாப்களில் பொதுவாக 3 மி.மீ. வரையிலான வித்தியாசத்தைத்தான் ஏற்பார்கள்.

காருக்கு அடியிலும் இதையே செய்யலாம். இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறியுங்க. காரை நகர்த்திவிட்டுக் குறுக்களவு எடுத்தால் தரையே உங்கள் வரைபடம்.

ஒரு எச்சரிக்கை: மூக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு உள்ளே போயிருந்தால் குறுக்களவுகள் சமமாகத்தான் இருக்கும், உங்களை ஏமாற்றிவிடும். அதனால் நீளத்தையும் உயரத்தையும் அளக்க வேண்டும். சரியான அளவு எது என்று தெரியாவிட்டால், அடிபடாத இன்னொரு 800-ஐத் தேடிப்பிடித்து அளந்து வாங்க. முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையே 800-ல் 2,175 மி.மீ. ஸ்டீயரிங்கை நேராக வைத்து இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே எண் வர வேண்டும்.

இழுப்பது: மெதுவா... ரொம்ப மெதுவா

அடி எந்தத் திசையில் உள்ளே போனதோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். கடைசியாக மடிந்த இடம் முதலில் வெளியே வர வேண்டும். இதுதான் அடிப்படை விதி.

காரின் மறுபக்கத்தையும் கட்டியாக வேண்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பினால் கார்தான் நகருமே தவிர, தகடு நகராது. நல்ல பருத்த வேம்போ புளியமரமோ இருந்தால் சாக்கைச் சுற்றி, அடிப்பக்கத்தில் சங்கிலி போடலாம். காம்பவுண்ட் சுவர், கேட் தூண், போர்டிகோ தூண் மூன்றும் கூடவே கூடாது.

இழுக்க இன்னொரு வண்டியைப் பயன்படுத்தாதீங்க. ஒரு உதறலில் தகடு கிழிந்துவிடும். வாடகைக்குக் கிடைக்கும் செயின் பிளாக்தான் சரி, ஒவ்வொரு கண்ணியாக நகரும். நைலான் கயிறு நீண்டு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். சங்கிலியின் மேல் கனமான பழைய கம்பளியைப் போடுங்க. சங்கிலியின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. கொக்கியை வெறும் தகட்டில் மாட்டாமல், இருக்கும் போல்ட் ஓட்டைகளில் கனமான இரும்புப் பட்டையை முடுக்கி அதில் மாட்டுங்க.

கொஞ்சம் இழுத்து நிறுத்துங்க. சங்கிலியைத் தொடாமல், பக்கவாட்டில் நின்று, மடிப்பைச் சுற்றி மரக்கட்டை வைத்துத் தட்டுங்க. பிறகு தளர்த்தி அளங்க. இரும்புக்குப் பழைய இடத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. அதனால் தேவையான அளவைவிட ஒரு துளி கூடுதலாக இழுத்தால்தான் சரியான இடத்தில் வந்து நிற்கும். கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம். புதிய கார்களில் இருக்கும் அதிபலமான ஸ்டீல் சூட்டில் பலத்தையே இழந்துவிடும்.

உள்ளிருந்து தள்ள வேண்டிய இடத்தில், இரு பக்கமும் மரக்கட்டை கொடுத்து ஸ்க்ரூ ஜாக்கி வைக்கலாம். ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கியைப் படுக்கவைத்தால் பல நேரம் அழுத்தமே வராது.

தகடு வேலை: நடுவில் அடிக்காதீங்க

ஃபெண்டர் பள்ளத்தின் நடுவில் சுத்தியலைப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. பள்ளத்தைச் சுற்றி மேடு ஒன்று எழுந்திருக்கும். பின்னாலிருந்து பள்ளத்தில் ஒரு கனமான இரும்பை அழுத்திப் பிடித்து, முன்னாலிருந்து மேட்டை லேசாகத் தட்டினால் இரண்டும் சேர்ந்து சமமாகும். டிங்கரிங் கடையில் இதற்கு ‘டாலி’ வைத்திருப்பார்கள். உங்களுக்குப் பழைய சுத்தியல் தலை போதும். இரும்போடு சேர்த்து ஓங்கி அடித்தால் தகடு விரிந்து, டின் மூடி மாதிரி ‘டப் டப்’ என்று உள்ளே வெளியே போகும். அப்புறம் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

பிளாஸ்டிக் பம்பர் உள்வாங்கியிருந்தால் கொதிக்கும் நீரை மெதுவாக ஊற்றி, கிளவுஸ் போட்ட கையால் பின்னாலிருந்து தள்ளுங்க. பெரும்பாலும் வந்துவிடும்.

மிச்சம் இருக்கும் சின்ன மேடு பள்ளத்துக்குத்தான் பட்டி. அதுவும் 3 மி.மீ.-க்குள். அதற்கு மேல் பூசினால் குலுங்கலில் வெடித்து, உள்ளே துரு பிடிக்கும். பெயின்ட் போன இடத்தில் அன்றைக்கே பிரைமர் அடிச்சுடுங்க.

இங்கே நிறுத்திடுங்க!

* ஏர்பேக் உள்ள கார் என்றால் முன்பக்க அடியில் வீட்டு வைத்தியம் வேண்டாம்.
* எலும்புக் கட்டை வளைந்திருந்தால் நிமிரும். கூர்மையாக மடிந்திருந்தால் நிமிர்த்தினாலும் பலம் திரும்பாது, வெட்டி மாற்ற வேண்டும்.
* ஷாக் மேல்முனையைச் சுற்றி விரிசல், பிரிந்த ஸ்பாட் வெல்டிங், பில்லர் அல்லது கூரையில் மடிப்பு இருந்தால் பாடி ஷாப்தான் ஒரே வழி.
* வளைந்த ஸ்டீயரிங் ராடு, சஸ்பென்ஷன் ஆர்ம் எதையும் தட்டி நிமிர்த்தாதீங்க, புதுசு மாற்றுங்க. விபத்தில் இறுகிய சீட் பெல்ட்டுக்கும் இதே விதிதான்.
* பெட்ரோல் டேங்க் பக்கம் வெல்டிங் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ரோட்டுக்கு வரும் முன்...

கதவுகள் தூக்கிச் சாத்தாமல் மூடுகின்றனவா? பானட் லாக் முழுசாகப் பிடிக்கிறதா? இது சரியாகப் பிடிக்காவிட்டால் ஹைவேயில் பானட் எழுந்து கண்ணாடியை மறைக்கும். ரேடியேட்டர் ஒழுகுகிறதா? ஹெட்லைட் வெளிச்சம் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுகிறதா?

அடுத்து, காலி மைதானத்தில் தண்ணீரை ஊற்றி, அதன் மேல் நேராக ஓட்டிப் பாருங்க. முன்டயர் தடத்துக்கும் பின்டயர் தடத்துக்கும் உள்ள இடைவெளி இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் கார் இன்னும் கோணல்தான். கடைசியாக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போங்க. அங்கே அளவுகளை செட் பண்ண முடியவில்லை என்றால், அது டயர் பிரச்னை அல்ல. உங்கள் எலும்பு இன்னும் நிமிரவில்லை.

15 வருடம் தாண்டிய கார் என்றால், பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆய்வும் இருக்கிறது. நாளைக்கு விற்றால், எங்கே அடிபட்டது, என்ன செய்தோம் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்க. பட்டியும் பெயின்ட்டும் மறைத்துவிடும் என்பதற்காக நாமும் மறைக்கக் கூடாது.

உங்கள் கையால் நிமிர்த்திய காரை முதல்முறை ஸ்டார்ட் செய்யும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. ஆனால், பக்கத்து சீட்டில் அம்மாவை உட்கார வைப்பதற்கு முன் டேப்பை எடுத்து இன்னொரு தடவை குறுக்காக அளந்து பாருங்க. எண்கள் பொருந்தினால் கிளம்புங்க. பொருந்தாவிட்டால், காரை டோ பண்ணி பாடி ஷாப்புக்கு அனுப்புங்க. அதுவரை நீங்கள் செய்த வேலை எதுவும் வீண் இல்லை.