சியர்லீடிங்கில் உடல் எடையும் தோற்றமும்: பயிற்சியாளரின் பங்கு

சியர்லீடிங் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேரூன்றிய குழு ஆட்டம். ஒருவரை மற்றவர்கள் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவதால் எடை பற்றிய பேச்சும், அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதால் தோற்றம் பற்றிய பேச்சும் இதில் ஓய்வதே இல்லை. ஆடுபவர்களில் பெரும்பாலோர் பதின்வயதுப் பெண்கள். யாரைத் தூக்குவது, யார் முன்வரிசையில் நிற்பது, யாருக்கு எந்த உடை என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பயிற்சியாளர். அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல்கூட அந்தப் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு வரை போய்ச் சேரும். (2008 முதல் ஐபிஎல் ஆட்டங்களின் எல்லைக்கோட்டருகே நாம் கண்ட நடனம் இதன் ஒரு கிளை மட்டுமே. இங்கே முதன்மையாகப் பேசப்படுவது தூக்குதலும் வீசுதலும் கலந்த போட்டி வடிவம்.)

தொடக்கத்தில் இதற்கும் உடலழகுக்கும் தொடர்பில்லை. 1898இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டத்தின் முழக்கத்தை முன்னின்று நடத்தியதிலிருந்து இதன் வரலாறு எழுதப்படுகிறது. முதல் கால் நூற்றாண்டு இது ஆண்களின் வேலை. இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் புறப்பட்டுப் போன 1940களில் பெண்கள் பெரும்பான்மை ஆனார்கள். 1972இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி வயிறு தெரியும் சீருடையில் ஒரு நடனக் குழுவை இறக்கியது. தொலைக்காட்சி அந்தப் படிமத்தை வீடுதோறும் கொண்டுபோனது. பள்ளிச் சிறுமியையும் அதே அளவுகோலால் அளக்கும் வழக்கத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

எடையும் தூக்குதலும்

தூக்கப்படுபவர் ஃப்ளையர். இருபுறமும் நின்று பாதத்தைத் தாங்கும் இருவர் பேஸ். பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்து மேலே இழுப்பவர் பேக் ஸ்பாட். ஆக, ஒருவரின் எடை மூவரிடம் பிரிகிறது. பயிற்சிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் குறை, "இன்றைக்கு அவள் கனக்கிறாள்" என்பது. ஒரே நாளில் யாருக்கும் எடை கூடிவிடுவதில்லை. பேஸ் இருவரில் ஒருவர் முழங்காலை மடக்கி எழுவதில் அரைக் கணம் பிந்தியிருப்பார். அல்லது ஃப்ளையர் இடுப்பைத் தளர்த்திப் பின்னால் சாய்ந்திருப்பார். கால்களும் இடுப்பும் இறுகி, உடல் ஒரே கோலாக நிற்கும்போது ஐம்பது கிலோவும் எளிதாக ஏறும். தளர்ந்துவிட்டால் நாற்பது கிலோவும் கையை முறிக்கும். பாஸ்கெட் டாஸ் என்ற வீச்சிலும் இதே கதைதான். ஃப்ளையர் பேஸ்களின் தோளில் கையூன்றித் தன்னைத் தானே மேலே தள்ளாவிட்டால் முழுப் பாரமும் கீழே இருப்பவர்களின் தோள்மூட்டில் இறங்கும்.

எனவே தூக்கல் சரியாக வராதபோது பயிற்சியாளர் பார்க்க வேண்டியது எண்ணிக்கையை, பிடியை, கால்வலுவை. எடை இயந்திரம் இவற்றில் எதையும் காட்டாது. மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைத்த ஃப்ளையர் கொழுப்போடு தசையையும் நீரையும் சேர்த்தே இழந்திருக்கக்கூடும். மனிதப் பிரமிடின் உச்சியில் அவருக்குத் தலைசுற்றினால் எடை குறைந்ததால் வந்த லாபம் எங்கே?

வளர்ச்சி வேறு விஷயம். பன்னிரண்டு வயதில் ஃப்ளையராக இருந்தவர் பதினான்கில் உயர்ந்து, அகன்று, பேஸாக மாறுவது இயல்பு. "நீ பெருத்துவிட்டாய்" என்று சொல்லி இறக்கினால் அவர் உணவைக் குறைக்கத் தொடங்குவார். தோளும் காலும் வலுவடைந்திருப்பதைச் சொல்லி, புதிய இடத்துக்கு வேண்டிய பிடியைக் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை எழுவதில்லை. எல்லாரையும் சிறு வயதிலிருந்தே எல்லா இடங்களிலும் பழக்கும் குழுக்களில் இந்தச் சிக்கல் குறைவு.

உடல் கேட்கும் விலை

உண்ட ஆற்றலில் பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சுவதில்தான் உடல் மற்ற வேலைகளைச் செய்ய வேண்டும். கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரி என்பதைப் பொதுவாக அபாய எல்லையாகக் கொள்வார்கள். அதற்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் மாதவிடாய் தடைபடும். எலும்பு அடர்த்தி குறையும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1997இல் சீர்குலைந்த உணவுப் பழக்கம், மாதவிடாய் நிற்றல், எலும்பு நலிவு ஆகிய மூன்றையும் பெண் வீரர்களின் மும்மைச் சிக்கலாக வரையறுத்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை விரித்து, ஆண்களையும் சேர்த்து, விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று பெயரிட்டது. மனிதரின் எலும்பு வலு பெரும்பகுதி சேர்வது பதின்வயதில். அந்த ஆண்டுகளை இழந்தவர் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

2012இல் ஜர்னல் ஆஃப் அத்லெட்டிக் ட்ரெயினிங் இதழில் வெளியான ஆய்வு, கல்லூரிகளில் சியர்லீடிங் ஆடும் 136 பெண்களைப் பார்த்தது. அவர்களில் 33.1 விழுக்காட்டினர் உணவுக் கோளாறு அபாயத்தில் இருந்தனர். வயிறு தெரியும் சீருடையில்தான் தங்கள் உடல் மீதான அதிருப்தி அவர்களிடம் மிகுதி. உடை வாங்கும் படிவத்தில் பயிற்சியாளர் போடும் ஒரு குறி இப்படி உடல்நலத்தைத் தொடுகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பின் விதி, நேராக நிற்கும்போது வயிறு மூடியிருக்கும் சீருடையைக் கோருகிறது. துணியோடு அளவெடுக்கும் முறையும் முக்கியம். வரிசையில் நிறுத்தி இடுப்பளவை உரக்கப் படிப்பதுதான் பல பெண்களுக்கு அந்தப் பருவத்தின் முதல் காயம். தனி அறையில் அளப்பதும், வளரும் வயதினருக்கு ஓர் அளவு கூட்டி வாங்குவதும் செலவில்லாத மருந்து.

கண்காணிப்பு இல்லாத இடம்

1997இன் இறுதியில் எடை குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தபின், அந்த விளையாட்டில் குறைந்தபட்ச எடை விதிகள் வந்தன. சியர்லீடிங்கில் எடைப் பிரிவும் இல்லை, அதற்கான விதியும் இல்லை. 2010இல் குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், அங்குள்ள போட்டிச் சியர்லீடிங்கைப் பாலினச் சமத்துவச் சட்டத்தின் கீழ் விளையாட்டாக எண்ண முடியாது என்று தீர்ப்பளித்தார். விளையாட்டு என்ற தகுதி இல்லாததால், மற்ற விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் விளையாட்டு மருத்துவ உதவி இதில் பல இடங்களில் எட்டுவதில்லை. இதை விளையாட்டாக ஏற்று அந்த உதவிகளைத் தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வலியுறுத்தியது.

தொழில்முறை அணிகளில் நடந்ததாகச் சொல்லப்படுவது இன்னும் மோசம். பஃபலோ ஜில்ஸ் என்ற சியர்லீடிங் குழுவின் முன்னாள் உறுப்பினர்கள் 2014இல் தொடுத்த வழக்கில், குதிக்கச் சொல்லி எந்தச் சதை ஆடுகிறது என்று பார்த்தார்கள் எனக் குற்றம் சாட்டினர். அவ்வாண்டே அந்தக் குழு நிறுத்தப்பட்டது.

செய்ய வேண்டியதும் கூடாததும்

பயிற்சியாளர் எடை பார்க்கவே கூடாது என்பது இன்று வலுத்துவரும் கருத்து. இக்கட்டுரையின் சார்பும் அதுவே. எடை தெரிய வேண்டிய மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். உணவுக் குறிப்பேடு கேட்பது, தேர்வின்போது எடை கேட்பது, தண்டனையாக ஓடவிடுவது எல்லாமே ஒழிய வேண்டியவை. "அட, இளைத்துவிட்டாயே!" என்ற பாராட்டுக்கும் அதே கெடுதல் உண்டு. சொல்பவருக்கு அன்பு, கேட்பவருக்கோ இலக்கு.

சந்தேகம் எழுந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்லலாம்: "இரண்டு போட்டிப் பயணமாக நீ மதியம் சாப்பிடவில்லை, பயிற்சி நடுவே உட்கார்ந்துவிடுகிறாய், எனக்குக் கவலையாக இருக்கிறது." நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை. மூன்று மாதம் மாதவிடாய் வராதது, அடிக்கடி வரும் எலும்புக் கீறல், எந்நேரமும் குளிர்வது, சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போவது ஆகியவை உடனே பெற்றோருக்கும் மருத்துவருக்கும் போக வேண்டிய செய்திகள். பையன்களிடம் இது தலைகீழாக வரும். பேஸாக நிற்பவன் தசை போதவில்லை என்று புரதப் பொடியையும் மாத்திரையையும் நாடுவான்.

ஆட்டத்துக்குத் திரும்புவதை முடிவு செய்ய 2014இல் வெளியான மும்மைச் சிக்கல் ஒருமித்த அறிக்கை ஓர் அபாய மதிப்பெண் முறையைத் தந்தது. மொத்தம் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் பங்கேற்பு கட்டுப்படுத்தப்படும். 2 முதல் 5 வரை என்றால் நிபந்தனையோடு ஆடலாம். மருத்துவர் எழுத்தில் அனுமதி தரும் வரை தூக்கலிலும் வீச்சிலும் சேர்க்கக் கூடாது. அதுவரை கை அசைவுகளும் முழக்கங்களும் போதும். குழுவோடு நிற்கும் உரிமையைப் பறிக்கத் தேவையில்லை.